கூரை எங்கே முடிகிறது: புரோப்பேன் ஹீட்டரும் மின் ஹீட்டரும்

ஒக்டோபர் பிறந்தாலும் ஒன்ராறியோவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் வீட்டு விருந்துகள் உள்ளே ஒடுங்கிவிடுவதில்லை. கராஜ் கதவைப் பாதி இறக்கி, மடிப்பு மேசை போட்டு, பெரிய சட்டியில் ஆட்டிறைச்சி கொதிக்க, இரவு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருப்பது இங்கே ஊர்ப்பழக்கம் மாதிரி நிலைத்துவிட்டது. வீட்டுக்குள் பொரியல் மணம் ஏறக்கூடாது, வருகிற ஆட்களுக்கு ஹோல் போதாது என்று இதற்குக் காரணங்கள் உண்டு. கோடையில் அதே கூட்டம் பின்வளவு டெக்கில் கூடும். குளிர் இறங்கியதும் இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரு ஹீட்டர் வாங்கலாமா என்ற பேச்சு எழும். கடையில் இரண்டு வகை நிற்கும். ஒன்று, குடைபோல் தலை விரித்த புரோப்பேன் ஹீட்டர். மற்றது, சுவரில் மாட்டும் அல்லது காலில் நிற்கும் அகச்சிவப்பு மின் ஹீட்டர். இரண்டு இடத்துக்கும் பொருந்தும் ஒன்றைத் தேடுவதில்தான் தவறு தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தால் போட்டியே இல்லை. குடை ஹீட்டர் மணிக்கு 40,000 முதல் 48,000 பிடியூ வரை தரும். 46,000 என்று வைத்தால் அது 13.5 கிலோவாட். இங்கே வீட்டுச் சுவரில் உள்ள 120 வோல்ட் பிளக்கில் செருகும் மின் ஹீட்டரோ 1.5 கிலோவாட்டோடு நின்றுவிடும். ஒன்பது மடங்கு வித்தியாசம். ஆனால் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு அந்த ஒன்பது மடங்கை உணராது. குடை ஹீட்டரில் சுவாலை ஒரு துளையிட்ட உலோக உருளையைச் செந்நிறமாகக் காய்ச்சுகிறது. அந்த உருளை வெளிவிடும் கதிரை மேலே உள்ள தட்டு கீழே திருப்புகிறது. நம்மைத் தொடுவது இந்தக் கதிர் மட்டுமே. எரிந்த சூடான காற்று தட்டின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வானத்துக்குப் போய்விடும். கொஞ்சம் காற்று வீசினால் அந்தச் சூடு அண்டை வீட்டு வேலிக்குப் போகும். மின் ஹீட்டரில் பின்புறத் தகடு கதிரை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுவதால், முன்னே ஆறேழு அடிக்குள் இருப்பவருக்கு 1.5 கிலோவாட்டில் பெரும்பங்கு வந்து சேரும். நாலு பேர் ஒரு மேசையில் இருந்தால் அது போதும். இருபது பேர் டெக் முழுவதும் நின்று கதைத்தால் போதாது. அங்கே நாலு புறமும் வட்டமாக வெப்பம் வீசும் குடை ஹீட்டரே கைகொடுக்கும்.

கண்ணாடிக் குழாய்க்குள் சுவாலை எழும் பிரமிட் வகை ஹீட்டரும் புரோப்பேனில் ஓடுகிறது. பார்க்க மிக அழகு. வெப்பம் மட்டும்தான் தேவை என்றால் குடை வகையே மேல்.

இனி கராஜ். எல்லாவற்றையும் விட இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

46,000 பிடியூ ஹீட்டர் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ புரோப்பேனை எரிக்கும். அந்த 1 கிலோ முழுமையாக எரிய 12 கன மீட்டருக்குக் குறையாத காற்று வேண்டும். எரிந்து முடிந்தால் 3 கிலோ கரியமில வாயு மிஞ்சும். ஒட்சிசன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, கார்பன் மொனொக்சைட் பிறக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல், தூக்கம் என்று வரும் அறிகுறிகளை விருந்து இரவில் களைப்பு என்றோ குடித்தது என்றோ எடுத்துக்கொள்வது மிக எளிது. “கதவு பாதி திறந்துதானே இருக்கு?” என்று கேட்பார்கள். திறந்திருப்பது எந்தப் பாதி என்று பாருங்கள். பாதி இறக்கிய கராஜ் கதவு கீழே திறந்து மேலே மூடியிருக்கும். எரிந்த வாயு சூடாக இருப்பதால் மேலேறி, வெளியேற வழியில்லாத அந்த மேற்பாதியில் தங்கும். பிறகு ஆட்கள் சட்டியும் தட்டுமாகப் போய்வருகிற உள்கதவு வழியே, பிள்ளைகள் நித்திரை கொள்ளும் வீட்டுக்குள் இறங்கும். கசிந்த புரோப்பேன் இதற்கு நேர்மாறு. அது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கும். கராஜில் பனி தள்ளும் மெஷினுக்கான பெற்றோலும் பெயின்ற் டின்களும் இருக்கும். ஹீட்டரின் உயரமே ஏழு அடிக்கு மேல். அதன் தட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் கையேடு கேட்கும் இடைவெளி, பெரும்பாலும் மூன்று அடி, எந்தச் சாதாரண கராஜிலும் கிடைக்காது.

2008இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக்கில் காஸ் கணப்பின் புகைவழி அடைத்து, ஒரு வீட்டில் நாலு பேர் கொண்ட குடும்பம் முழுவதும் கார்பன் மொனொக்சைட்டுக்குப் பலியானது. அதன்பின் எழுந்த கோரிக்கையால், காஸ் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் மொனொக்சைட் அலாரம் 2014 முதல் இங்கே சட்டப்படி கட்டாயமாயிற்று. அலாரம் இருக்கிறதே என்று கராஜுக்குள் குடை ஹீட்டரைக் கொளுத்துபவர்கள் இருக்கிறார்கள். அலாரம் தப்பி ஓடச் சொல்வதற்காக இருக்கிறது. ஹீட்டரை உள்ளே வைக்க அது அனுமதி தராது. கராஜுக்கு மின் ஹீட்டர். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

டெக்கில், திறந்த வானத்தின் கீழ், புரோப்பேனுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கவேண்டும். ஆனால் அதுவும் கவனம் கேட்கும். பார்பிக்கியூவுக்குப் பயன்படும் அதே 20 இறாத்தல் டாங்க்தான், அதாவது 9 கிலோ. முழுச் சுவாலையில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். புதிதாகப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரத் தண்ணீரை இணைப்பில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. புரோப்பேனுக்குச் சொந்த மணம் கிடையாது; அழுகிய முட்டைபோல் மணக்கும் மெர்கெப்டனைக் கம்பனிகள் கலக்கின்றன. 1937இல் டெக்சாசின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் மாணவர்கள், மாண்டபிறகு பரவிய வழக்கம் இது. அந்த மணத்தை அலட்சியம் செய்யக்கூடாது.

கொளுத்தும்போது குமிழை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது, சுவாலையருகில் உள்ள வெப்ப உணரி சூடேறுவதற்காக. சுவாலை காற்றில் அணைந்தால் காஸை நிறுத்துவது அந்த உணரிதான். ஹீட்டர் சாய்ந்தால் காஸை வெட்டும் சுவிட்ச் இன்னொன்று. “அடிக்கடி அணையுது” என்று இவற்றில் ஒன்றைக் கம்பியால் கட்டிவிடுகிறவர்கள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே கழற்றுகிறார்கள். அடிக்கடி அணைந்தால் காரணம் வேறு. கோடை முழுவதும் சும்மா நின்ற ஹீட்டரின் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். சுவாலை மஞ்சளாகிக் கரி பிடிக்கும். டாங்க் வால்வைப் படாரென்று திறந்திருந்தால், கசிவென்று நினைத்து ரெகுலேற்றர் காஸைக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, கழற்றி, சற்றுப் பொறுத்து மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். அடிப்பெட்டியில் மணலோ தண்ணீரோ நிரப்பும் வகை என்றால் நிரப்பியே ஆகவேண்டும். ஏழடி உயரத்தில் தலைகனத்து நிற்கும் ஒன்றின் அருகே பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். வேலை முடிந்தால் குமிழோடு நிற்காமல் டாங்க் வால்வையும் மூடி, டாங்கை வெளியிலேயே நிமிர்த்தி வையுங்கள். கராஜுக்குள்ளும் நிலவறைக்குள்ளும் கொண்டுபோக வேண்டாம். கனடாவில் டாங்குக்குப் பத்து ஆண்டு ஆயுள். கழுத்துப் பட்டியில் பொறித்த திகதியிலிருந்து அந்தப் பத்து ஆண்டு கடந்துவிட்டால் மறுபரிசோதனை இல்லாமல் நிரப்பமாட்டார்கள்.

கடும் குளிரில் புரோப்பேனும் தளரும். அதன் கொதிநிலை சைபருக்குக் கீழே 42 பாகை. அதனால்தான் இந்த நாட்டுக் குளிரில் அது ஆவியாகிறது. பியூட்டேன் என்றால் சைபரிலேயே உறங்கிவிடும். ஆனாலும் இவ்வளவு காஸை வேகமாக இழுக்கும்போது டாங்க் தானே குளிர்ந்து வெளியே உறைபனி படியும், அழுத்தம் குறையும், சுவாலை சுருங்கும். அப்போது டாங்கில் கொதிநீர் ஊற்றவோ நெருப்புக் காட்டவோ யாரையும் விடாதீர்கள்.

செலவில் மின்சாரத்துக்கே வெற்றி. நாலு மணி நேர விருந்துக்கு 1.5 கிலோவாட் ஹீட்டர் 6 யூனிட் எடுக்கும். மாலை ஏழுக்குப் பிறகும் வார இறுதியிலும் ஒன்ராறியோவில் கட்டணம் குறைவு என்பதால் ஹைட்ரோ பில்லில் அது கண்ணிலேயே படாது. புரோப்பேனில் அதே இரவுக்கு ஏறக்குறைய அரை டாங்க் போகும்.

மின் ஹீட்டரிலும் ஆபத்து உண்டு, அது சுவருக்குள் ஒளிந்திருக்கும். 1,500 வாட் என்றால் 12.5 அம்பியர், 15 அம்பியர் இணைப்பில் வேறெதற்கும் இடமில்லை. நம் கராஜ்களில் மீன் வைக்கும் இரண்டாவது பிரிட்ஜ் அதே இணைப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். மெல்லிய நீட்டிப்பு வயர் சூடேறி உருகும். ஹீட்டரை நேரே சுவர்ப் பிளக்கில் போடுங்கள். வெளியில் என்றால் மழைக்குத் தாங்கும் என்று சான்றளித்த ஹீட்டரும், மின்கசிவில் வெட்டும் பிளக்கும் வேண்டும். 240 வோல்ட்டில் 3, 4 கிலோவாட் ஹீட்டரைச் சுவரில் நிலையாகப் பொருத்தினால் கராஜ் உண்மையாகவே சூடாகும். அதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளரும் மின்பாதுகாப்பு அதிகாரசபையின் பதிவும் தேவை. தெரிந்த தம்பி வந்து செய்து தருவார் என்று விடும் வேலையல்ல அது.

டெக்கும் கராஜும் தெளிவான இடங்கள். குழப்பம் தருவது, இப்போது பின்வளவுகளில் பெருகிவரும் கூரைபோட்ட கசீபோ. நாலு பக்கமும் திறந்திருந்து, கூரைக்கும் பக்கத் துணிகளுக்கும் கையேடு சொல்லும் இடைவெளியும் இருந்தால் புரோப்பேன் செல்லும். குளிர்காற்றுக்கு அஞ்சிப் பிளாஸ்டிக் திரைகளை இறக்கிவிட்டால் அது அறையாகிவிடும். அப்போது கராஜின் விதிதான் அதற்கும். சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் போடும் வாடகைக் கூடாரங்களிலும் இதே சிக்கல் எழுகிறது. கூடாரத்துக்குள் குடை ஹீட்டரை நிறுத்தாமல், வெளியே எரிந்து குழாய் வழியாகச் சூடான சுத்தமான காற்றை மட்டும் உள்ளே தள்ளும் கூடார ஹீட்டர் இருக்கிறதா என்று வாடகைக் கடையில் கேளுங்கள். பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால், விருந்து நாளில் வந்து இறக்குபவர்களோடு வாதாடத் தேவையிருக்காது.