தொட்டி ரோஜாவும் ஒரு இடைத்தங்கலும்

இன்று ஒரு சின்னச் செடியின் பெரிய வரலாறு.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், போன பங்குனியில் அவள் அம்மாவின் நினைவு நாளுக்கு வந்தபோது இரண்டு குட்டி ரோஜாத் தொட்டிகள் வாங்கி வந்தாள். "அம்மா படத்துக்குப் பக்கத்துல இருக்கட்டும்ப்பா" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரே மாதத்தில் இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. வெயில் இல்லாத குறைதான் என்று நினைத்து, சித்திரை மாதம் ஒரு தொட்டியைத் தூக்கிப்போய்த் தோட்டத்தில் நட்டேன். மூன்றே நாளில் கருகிப் போயிற்று. மகளிடம் சொல்ல மனசு வரவில்லை. மற்றதைக் கிழக்கு ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, இந்த ரோஜா எங்கிருந்து வந்தது என்று படிக்கத் தொடங்கினேன்.

பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். சீனத்து ரோஜாவோ திரும்பத் திரும்பப் பூக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் அதற்கு ஆசைப்பட்டார்கள். ஆனால் கப்பல் பயணம் மாதக்கணக்கில் ஆகும். உப்புக் காற்று, நல்ல தண்ணீருக்குப் பஞ்சம். சீனாவின் கேண்டன் துறைமுகத்திலிருந்து அனுப்பும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பிழைக்கிறது என்று, அங்கே இருந்த மருத்துவர் ஜான் லிவிங்ஸ்டன் 1819இல் எழுதினார்.

வழியில் ஒரு தங்கல் கிடைத்த செடிகளுக்குக் கொஞ்சம் கொடுப்பினை இருந்தது. 1787இல் தொடங்கிய கல்கத்தா தாவரவியல் தோட்டம் அப்படியொரு இடம். சீனச் செடிகளைத் தரையில் இறக்கி, தேற்றி, மறுபடி கப்பல் ஏற்ற முடிந்தது. அந்த வழியாகப் போனதால், சீன ரோஜாவுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே 'வங்காள ரோஜா'!

இந்தச் சீன ரோஜாவின் குள்ள வகை ஒன்று எப்படியோ சுவிட்சர்லாந்து மலைக் கிராமத்து ஜன்னல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் ரூலே என்ற ராணுவ மருத்துவர் அதைப் பார்த்து, தாவர அறிஞர் ஹென்றி கொரவோனிடம் சொன்னார். அவர்கள் தேடிப் போனபோது அந்த மோபோர்ஜே கிராமம் தீயில் எரிந்து போயிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு செடி மிஞ்சியிருந்தது. அதிலிருந்து பதியன் போட்டுப் பெருக்கி, மருத்துவர் பெயரையே வைத்தார் கொரவோன். பிறகு ஹாலந்தின் யான் தெ விங்க், கலிஃபோர்னியாவின் ரால்ஃப் மூர் போன்றவர்கள் அதை வைத்துப் புதுப்புது குட்டி ரோஜாக்களை உருவாக்கினார்கள். இன்று கடையில் விற்கும் தொட்டி ரோஜாக்கள் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை.

ஆக, இது வீட்டுக்குள் வளரும் செடியே அல்ல. ஜன்னல் வெளிச்சத்தில் தாக்குப்பிடித்த வெளிச்செடி. அதற்கு வெயில் வேண்டும். ஆனால் நிழலில் விட்ட இலை திடீர் வெயிலைத் தாங்காது. நான் கொடுக்கத் தவறியது அந்தக் கல்கத்தாவைத்தான்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் மிஞ்சிய தொட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். முதல் இரண்டு நாள் நிழல் மட்டும். அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போனேன். பத்து நாள் கழித்து, சாயங்காலமாகப் பார்த்துத் தரையில் நட்டேன். நம்ம பக்கத்துக் கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோஜாவின் வேருக்கு அது ஆகாது. அதனால் குழியில் செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து போட்டேன். தொட்டியிலிருந்து எடுத்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரு செடி என்று நினைத்தது நான்கு குச்சிகள். அடர்த்தியாகத் தெரிய ஒன்றாக நட்டிருக்கிறார்கள். வேர் பின்னிக் கிடந்ததால் பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

கிராமத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரம் வாயே திறக்க மாட்டார்கள். அந்த வாரம் நான் பாடம் நடத்தமாட்டேன், கதைதான். அவ்வளவு தெரிந்தும் செடி விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன்.

மார்கழியில் மூன்று மொட்டு விட்டது. முதல் பூவைப் பறித்து அவள் படத்துக்கு வைத்து, மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். கருகிப்போன செடியைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னேன்.

மல்லியும் பிச்சியும் மணக்கிற நம்ம சங்கரன்கோவிலில் ரோஜா வளர்ப்பவர்கள் யார் யார்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.