ஒஸ்ரினும் மொறிஸும்

கோப்பாய், நீர்வேலி, புத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து வடமராட்சிக்குச் செல்லும் பருத்தித்துறை வீதியில், அச்சுவேலியைச் சேர்ந்த முதியவர் எவரிடத்தும் பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘ஏ போட்டி’ என்று நம்மவர் அழைக்கும் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகிய இரண்டின் பெயர்களே முதலில் வரும். இவற்றுள் சேகரிப்போர் விரும்பத்தக்கது எது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

1947-இல் வெளிவந்த ஏ-40, ஏறத்தாழ 40 குதிரைவலுவுள்ள 1,200 சிசி எஞ்சினை உறுதியான தனிச் சேசியின்மீது தாங்கி நின்றமையால், ஆட்களையும் மூட்டைகளையும் ஒருங்கே சுமக்கும் வாடகைத் தொழிலுக்கு உகந்ததாயிற்று. மறு வருஷம் இலண்டன் கண்காட்சியில் தோன்றிய மைனரோ, 918 சிசி எஞ்சினே பெற்றிருந்தும், அலெக் இசிகோனிஸின் கற்பனாசக்தியால், வளைவுகளில் நிலைகுலையாத ஸ்திரம் வாய்க்கப்பெற்றது. மாதிரிக் காரின் அகலம் போதாதென்று கண்ட அவர், அதனை நெடுக்காக இரண்டாய் அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தே இறுதி வடிவத்தை நிச்சயித்தார். பொனற்றின் நடுவே ஓடும் அகன்ற மேட்டுப்பட்டி அதன் அடையாளமாக இன்றும் காணப்படுகிறது.

1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்படவே, இருந்த வண்டியைத் திருத்தி ஓட்டுவதே யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழக்கமாயிற்று. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு, பெற்றோலும் தடைப்பட்ட காலத்தில், அந்த வழக்கமே மக்களைக் காத்தது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாதலால், காபரேற்றரில் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் தரந்தாழ்ந்த அவ்வெரிபொருளையும் ஏற்று, புகை கக்கியபடியே நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரி சேர்த்தன.

இனி, வாங்குவோர் கவனிக்கவேண்டிய விஷயம் துரு. தொண்டைமானாற்றுப் பக்கத்து உப்புக்காற்று இரும்பை விடாது அரிப்பது. மைனருக்கு உடலே சட்டமாதலின், கதவுக்குக் கீழுள்ள தகடு இற்றுவிட்டால் வண்டியின் வலுவே குன்றிவிடும். பளபளக்கும் வர்ணத்தில் மயங்காது, குனிந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். ஏ-40-க்குச் சேசி தனியானது என்பதால், தகடுகளை வெட்டி ஒட்டுதல் நமது கராச்சுகளுக்குச் சாத்தியமே. எனினும் மைனரின் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்க, ஏ-40-க்கு அவ்வசதி அரிது.

ஆகவே, ஓட்டி மகிழ விரும்புவோர் மைனரையும், யாழ்ப்பாணத்தின் சரித்திரத்தைப் பேண விரும்புவோர் ஏ-40-ஐயும் தேர்வாராக. எதனை வாங்கினும், நம்மூர்த் தொழிலாளர் நெருக்கடிக் காலத்தில் செய்த திருத்தங்களைக் குறையென்று கருதி அகற்றாமல், அவற்றைச் செய்த காலத்தையும் காரணத்தையும் பழைய உரிமையாளரிடம் கேட்டு எழுதிவைத்தல் நம் கடமையாகும். அசல் பாகங்களைப் பணத்தால் வாங்கலாம், அந்த விபரங்களைச் சொல்லக்கூடியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.