பாண்டான் இலையின் மணமும் அதன் பகுப்பாய்வும்

பாண்டான் இலை என்பது தாழைப் பேரினத்தைச் சேர்ந்த ‘பண்டானஸ் அமரில்லிஃபோலியஸ்’ செடியின் வாசனை இலை. இலங்கையில் இது ரம்பை எனப்படுகிறது. தாழைக்கு மணம் ஆண்பூவில், பாண்டானுக்கு இலையில். மிக அரிதாகவே பூப்பதால், பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டு வளர்க்கின்றனர்.

சிங்கப்பூரில் பயன்பாடு

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கறிவேப்பிலை, கொத்தமல்லியோடு பாண்டான் இலையும் கிடைக்கும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த காயா ஜாம், பாண்டான் கேக் ஆகிய மூன்றுக்கும் இதுவே உயிர். தமிழ் வீடுகளில் நெய்ச்சோற்றிலும் இலையை முடிந்து போடுவதுண்டு. ஆக, நகரின் பல சமூகத்தாரின் அடுப்படிக்கும் பொதுவான மணம் இது.

மணப்பொருள்

இம்மணத்துக்கு முதன்மைக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் நைட்ரஜன் சேர்மம். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர் ரான் பட்டரியின் குழு 1982-இல் இதை வாசனை அரிசிச் சோற்றிலும், 1983-இல் பாண்டான் இலையிலும் இனங்கண்டது. பாஸ்மதியும் தாய்லாந்து மல்லிகை அரிசியும் மணப்பது இதனால்தான். வாசனை அரிசியில் உள்ளதைப் போலச் சுமார் 10 மடங்கு இலையில் உண்டு. நீரில் நூறு கோடியில் 0.1 பங்கு இருந்தாலே மனித மூக்கு உணர்ந்துவிடும்.

வனிலாவுடன் ஒப்பீடு

பச்சை வனிலாக் காய்க்கு மணம் இல்லை. அதில் குளுக்கோஸுடன் பிணைந்து கிடக்கும் வனிலின், பதப்படுத்தும்போது நொதிகளால் விடுபடுகிறது. பதமான காயில் 200-க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் உள்ளன. பறிக்காத பாண்டான் இலையிலும் வாசம் குறைவே. வாடும்போதும் கசக்கும்போதும் வேகும்போதும்தான் மணம் எழும். ஆனால் இங்கே ஒற்றைச் சேர்மமே ஆட்சி செய்கிறது.

பகுப்பாய்வு முறை

வனிலின் நிலையானது; அதைக் கரைப்பானில் பிரித்து, உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகையால் எளிதில் அளக்கலாம். பாண்டானின் மணப்பொருளோ விரைவில் ஆவியாகிச் சிதையும். எனவே மூடிய குப்பியில் இலைக்கு மேலுள்ள காற்றிலிருந்து நுண்ணிழையால் சேர்மங்களை ஈர்த்து, வாயு வண்ணப்பிரிகையில் பிரித்து, நிறை நிறமாலைமானியால் அடையாளம் காண்கின்றனர். பிரிந்து வரும் ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்றவர் முகர்ந்து பதிவதும் உண்டு. எந்தச் சேர்மம் மணக்கிறது என்பதைக் கருவி சொல்லாது, மூக்குதான் சொல்லும்.

இந்த நிலையாமையால் இயற்கை மணத்தைப் புட்டியில் அடைப்பது கடினம். கடையில் விற்கும் பச்சை எசன்ஸ்களில் பல, செயற்கை மணமும் நிறமியும் சேர்த்தவை. சமையலுக்குப் புத்திலையே சிறந்தது.