மஜினோ அரண்களைக் காணப் புறப்படுமுன்

பிரான்ஸ் தேசத்திலே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் என் தமக்கையாரின் மூத்த மகன், தை மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். பள்ளிக்கூடத்திலே இரண்டாம் உலகப் போர் பற்றிப் படிப்பிக்கிறார்களாம். "மாமா, நீங்களும் அம்மம்மாவும் ஆடியிலை வரேக்கை எல்லாருமா மஜினோக் கோட்டை பாக்கப் போவம். எங்கை போறது, எதைப் பாக்கிறதெண்டு நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்றான். நான் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். நொச்சித் திணையும் உழிஞைத் திணையும் கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்குப் பிரெஞ்சுக் கோட்டைகளோடு என்ன உறவு? ஆயினும், பாரிசிலே பிறந்து வளர்ந்த பிள்ளை தமிழில் கேட்ட ஒரு காரியத்தை மறுக்க மனம் வரவில்லை. இரண்டு மாதமாக வாசித்தேன். வாசிக்க வாசிக்கத் திட்டம் மாறிக்கொண்டே போயிற்று. அது எவ்வாறு மாறிற்று என்பதையே நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மஜினோ அரண் வரிசை என்பது பிரான்சின் கிழக்கு எல்லையிலே, ஜேர்மனியை நோக்கி 1930களில் கட்டப்பட்ட நிலத்தடிக் கோட்டைகளின் தொடராகும். அந்திரே மஜினோ என்பவர் 1877இல் பிறந்தவர். முதலாம் உலகப் போரிலே சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, 1914 நவம்பரில் வெர்டன் பகுதியில் காலிலே காயமுற்று, பின்னர் ஊன்றுகோலுடனேயே நடந்தவர். போர் அமைச்சராக இருந்த அவரது முயற்சியால் 1930 ஜனவரி 14ஆம் திகதி நாடாளுமன்றம் 290 கோடி பிராங்குகளை இவ்வேலைக்கு ஒதுக்கியது. அவருக்கு முன் அப்பதவியில் இருந்த பெங்லெவே ஒரு கணித மேதை. திட்டத்தின் பெரும்பகுதியை வகுத்ததில் அவருக்கும் பங்குண்டு. பெயரோ மஜினோவுக்குப் போயிற்று. 1932 ஜனவரியில் நெருப்புக்காய்ச்சலால் இறந்த அவர், தம் பெயர் பெற்ற வரிசை முற்றுப்பெற்றதைக் காணவில்லை.

ஒரு தேசம் ஏன் நிலத்துக்குள் இறங்கியது? முதலாம் உலகப் போரிலே பிரான்ஸ் ஏறத்தாழ 14 இலட்சம் படைவீரரை இழந்தது. இறந்தவர்களின் கணக்கு அத்தோடு முடியவில்லை. 1915 தொடக்கம் 1919 வரை பிறக்காமற் போன குழந்தைகளின் கணக்கும் இருந்தது. அக்குழந்தைகள் பிறந்திருந்தால் 1930களின் நடுப்பகுதியில் இருபது வயதை எட்டியிருப்பர். படைக்கு ஆள் சேர்க்கும் பட்டியலில் அவர்களின் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆளில்லாத இடத்தைக் கொங்கிறீற்றால் நிரப்ப முனைந்தார்கள். மஜினோ வரிசையை நான் அவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். அதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்களும் உளர். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் ஊரின் அச்சத்தை அவ்வாறு இலகுவாகச் சொல்லிவிட என்னால் இயலாது.

மருமகன் முதலில் விரும்பியது ஹாக்கன்பேர்க். லொறேன் பிரதேசத்தில், தியோன்வில் நகருக்குக் கிழக்கே வெக்கிரிங் என்ற சிற்றூரில் உள்ள இதுவே வரிசையின் மிகப் பெரிய அரண். காட்டு மேட்டின் கீழே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீளமான சுரங்கப் பாதைகள். ஆயிரம் பேர் வாழத்தக்க அமைப்பு. வெடிபொருள்களை ஏற்றியிறக்குவதற்கு நிலத்தடியில் மின்சார இரயில். 1939 டிசம்பரில் பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜ் வந்து பார்த்துச் சென்ற இடம். இன்று வழிகாட்டியோடு செல்வோரை அந்த இரயிலிலேயே ஏற்றிச் செல்கின்றார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்கோ அல்சாஸ் பிரதேசத்துச் சொனன்பூர்க் பிடித்துக்கொண்டது. ஸ்திராஸ்பூர்க் நகருக்கு வடக்கே உள்ள இவ்வரண் 1931இல் தொடங்கிக் கட்டப்பட்டது. நிலமட்டத்துக்கு 18 தொடக்கம் 30 மீற்றர் ஆழத்தில், அறுநூறுக்கும் மேற்பட்டோர் அதில் வாழ்ந்தனர். 1978 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஆர்வலர் சங்கமொன்று பழைய இயந்திரங்களைத் துடைத்து எண்ணெயிட்டுப் பேணிவருகிறது. 1940 ஜூன் மாதம் அரண்களுள் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டது இதுவே. வானிலிருந்து குண்டு வீசினார்கள். ஏறத்தாழ ஒரு தொன் நிறையுள்ள 420 மில்லிமீற்றர் எறிகணைகளையும் ஏவினார்கள். அரண் உடையவில்லை. அதன் பீரங்கிகளும் ஓயவில்லை. ஜூன் 22இல் போர்நிறுத்தம் ஒப்பமாகி, 25இல் நடைமுறைக்கு வந்த பின்னரும், மேலிடத்துக் கட்டளை கிடைத்து ஜூலை 1ஆம் திகதியே அங்கிருந்தோர் வெளியே வந்தனர்.

"மஜினோ வரிசை" என்றால் பயனற்ற பாதுகாப்பு என்று பொருள்படப் பத்திரிகைகளில் எழுதுவது உலக வழக்காகிவிட்டது. நானும் வகுப்பிலே அவ்வாறு சொன்னதுண்டு. இப்பொழுது அதற்காகச் சற்று வெட்கப்படுகிறேன். ஜேர்மனியர் அப்பெரிய அரண்களை உடைத்துக்கொண்டு வரவில்லை. பெல்ஜியம் 1936இல் நடுநிலையை அறிவித்தபின், வடக்கே வலுவான வரிசை இல்லாத இடைவெளி அபாயமாயிற்று. படை நகர முடியாது என்று நம்பப்பட்ட ஆர்தென் காட்டு வழியே அவர்கள் வந்து, 1940 மே 13இல் செடான் நகரருகே மேஸ் ஆற்றைக் கடந்தனர். பெரிய பீரங்கி அரண்களுள் ஒன்றேனும் தாக்குதலால் பிடிக்கப்படவில்லை. கதவு உறுதியாகத்தான் இருந்தது. கள்வன் வேலியால் வந்தான். வேலியை அடைக்காதவரைக் குறை சொல்லலாம். கதவைச் செய்த தச்சனை ஏன் ஏச வேண்டும்?

இவ்வளவும் எழுதி, இரண்டு நாட் பயணமாகத் திட்டம் ஒன்றை அனுப்பினேன். முதல்நாள் ஹாக்கன்பேர்க், மறுநாள் சொனன்பூர்க். உள்ளே கோடையிலும் 12, 13 பாகை செல்சியஸ்தான் இருக்கும். ஆகவே எல்லோருக்கும் தடித்த மேலாடை. சொனன்பூர்க்கில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நடை, படிகளும் உண்டு. ஆகவே முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கு ஹாக்கன்பேர்க் இரயில் மட்டும். வழிகாட்டி பேசும் மொழியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவேண்டும். பிரெஞ்சு என்றால் மருமகனே எங்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். அதற்காகச் சில சொற்களையும் குறித்துக் கொடுத்தேன். சிலப்பதிகாரத்து மதுரையிலே யானைகள் வரிசையாகச் செல்லத்தக்க சுருங்கை வீதி வருகிறது. நிலத்தடி வழிக்கு இதைவிட நல்ல சொல் வேண்டுமா?

மூன்றாம் நாள் அக்காவின் அழைப்பு வந்தது. திட்டத்தை முழுவதும் வாசித்திருந்தாள்.

"எல்லாம் வடிவா எழுதியிருக்கிறாய் தம்பி. பீரங்கி எத்தினை, இரயில் எத்தினை எண்டெல்லாம் கிடக்கு. அங்கை கீழை காத்து எப்பிடி வந்தது எண்டு ஒரு வரி எழுதேல்லையே?"

என்னிடம் உடனே பதில் இல்லை.

1990ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதினைந்து. எங்கள் வளவிலே மாமரத்தடியில், ஐயாவும் பக்கத்து வீட்டாருமாகப் பதுங்கு குழி வெட்டினார்கள். 'ட' வடிவக் குழி. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. ஒரு வாசல்தான். மறு வாசலை அடுத்த கிழமை வெட்டலாம் என்று விட்டிருந்தார்கள். ஓரிரவு விமானச் சத்தம் கேட்டு, ஐந்தாறு பேருக்கென வெட்டிய அக்குழிக்குள் பதினொரு பேர் இறங்கினோம். பாம்பு கிடக்குமோ என்ற பயத்தில் அம்மா குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்திருந்தாள். சிறிது நேரத்தில் கண் எரிந்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, பிறகு அழவில்லை. அழாதது நல்லதென்றே எல்லோரும் நினைத்தோம். அக்கா மட்டும் "விளக்கை நூருங்கோ, விளக்கை நூருங்கோ" என்று கத்தினாள். குழந்தையைப் பறித்துக்கொண்டு எல்லோரையும் மிதித்து வாசலுக்கு ஏறினாள். வெளியே குண்டு விழுந்துகொண்டிருந்தது. குழந்தை பிழைத்தது. அன்றுமுதல் அக்கா எந்தக் குழிக்குள்ளும் இறங்கியதில்லை. பாரிசிலே நிலத்தடி இரயிலைத் தவிர்த்து பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்வருபவள் அவள்.

மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன். இம்முறை காற்றைத் தேடி வாசித்தேன். வேறொரு வரலாறு கிடைத்தது.

இக்கோட்டைகளை வகுத்தவர்கள் முதற் போரின் நச்சுவாயுவை மறக்கவில்லை. வெளிக்காற்றைக் கவசமிட்ட துளைகளால் உள்ளிழுத்தார்கள். நச்சுவாயு அபாயம் அறிவிக்கப்பட்டால், பெரிய உருளைகள் போன்ற வடிகட்டிகளின் வரிசையூடாக அது செலுத்தப்படும். உள்ளே காற்றமுக்கத்தை வெளியிலும் சற்று மிகையாக வைத்திருந்தார்கள். அதனால் கதவிடுக்கிலே காற்று வெளியே கசியுமேயன்றி, நஞ்சு உள்ளே வராது. சுடும்போது விழும் வெற்றுத் தோட்டாக்கள்கூடப் புகை கக்கும் அல்லவா? அவற்றைச் சறுக்குக் குழாய் வழியாக உடனே அறையைவிட்டு அகற்றினார்கள். இத்தனைக்கும் மின்சாரம் வேண்டும். அதற்கு டீசல் எஞ்சின்கள். எஞ்சின் நின்றால் விளக்கு மட்டுமா அணையும்? பீரங்கிகளை விட்டுவிட்டு எஞ்சின் அறையையும் வடிகட்டி அறையையும் பார்த்தாலே அரணின் உயிர் எங்கே இருந்தது என்பது விளங்கிவிடும்.

அந்த உயிர் நின்றுபோன அரண் ஒன்றும் உண்டு. செடானிலிருந்து தென்கிழக்கே, வரிசையின் மேற்கு அந்தத்தில் உள்ள லா பெர்த்தே. மிகச் சிறியது. இரண்டே தொகுதிகள்; இடையிலே ஆழத்தில் ஒரு சுரங்கப் பாதை. பீரங்கியும் இல்லை, பெரிய அரண்களில் இருந்தது போன்ற காற்றோட்ட வசதியும் இல்லை. 1940 மே 18ஆம் திகதி கடும் எறிகணை வீச்சின் பின், ஜேர்மனியப் பொறியியற் படையினர் அதன் மேல் ஏறி, சுழலும் கோபுரத்திலும் அவதானக் கூண்டுகளிலும் வெடிவைத்தனர். தொகுதிகளில் தீயும் புகையும் பரவ, உள்ளிருந்தோர் கீழே சுரங்கப் பாதைக்குள் இறங்கினர். குண்டுக்குத் தப்ப இறங்கினார்கள். புகையும் கூடவே இறங்கியது. முகமூடிகள் அந்தப் புகைக்கு உதவவில்லை. தளபதியின் தொலைபேசிக் குரல் மறுநாள் அடங்கிவிட்டது. உள்ளிருந்த 107 பேரும் மூச்சுத்திணறி இறந்தனர், ஒருவரேனும் மீளவில்லை. அரணருகே இன்று சிறியதோர் இராணுவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

இதை வாசித்த இரவு நெடுநேரம் முற்றத்திலேயே இருந்தேன். மாமரம் இன்றும் நிற்கிறது. குழியை எப்பொழுதோ தூர்த்தாயிற்று.

திட்டத்தை மாற்றி எழுதினேன். பயணம் மூன்று நாளாயிற்று. பாரிசிலிருந்து காரிலே புறப்பட்டு முதலில் லா பெர்த்தே; பிறகு கிழக்கே ஹாக்கன்பேர்க்; கடைசியில் சொனன்பூர்க். லா பெர்த்தேயை இறுதியில் வைத்தால் உருக்கமாக இருக்கும் என்று முதலில் எண்ணியது உண்மை. நாடகத்துக்கு உச்சக்கட்டம் வைப்பதுபோல அந்த 107 பேரையும் வைப்பது பிழையென்று பட்டது. அவர்களை முதலில் கண்டு வணங்கிவிட்டுப் போனால், மற்ற இரண்டு அரண்களிலும் பையன்கள் எஞ்சின் அறையை வேறு கண்ணால் பார்ப்பார்கள். வழிகாட்டியிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வியாக, "வடிகட்டி அறை எங்கே?" என்பதை மருமகனுக்குக் குறித்துக் கொடுத்தேன். அவன் இரயிலைப் பற்றியும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொண்டான். இருக்கட்டும்.

அம்மா பெண்பிள்ளைகளோடு மேலே கல்லறைத் தோட்டத்தில் இருப்பதாக ஏற்பாடு. அக்காவையும் அவளோடுதான் போட்டிருந்தேன். திருத்திய திட்டம் கிடைத்ததும் அவள் மறுபடி அழைத்தாள்.

"லா பெர்த்தேயிலை பிள்ளையள் கீழை இறங்குவினமோ?"

"ஓம் அக்கா. வழிகாட்டியோடைதான். இப்ப பயமில்லை."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப நானும் வாறன். கீழை வரமாட்டன். வாசலடியிலை நிப்பன். கதவைச் சாத்தவேண்டாமெண்டு அந்த வழிகாட்டியிட்டை முதலே சொல்லிவிடு."

முதல்நாட் குறிப்பிலே அக்காவின் பெயரை அம்மாவின் பக்கத்திலிருந்து வெட்டி, "வாசலில்" என்று எழுதியிருக்கிறேன். கதவு பற்றிய வேண்டுகோளைப் பிரெஞ்சிலே எழுதி அனுப்பும் பொறுப்பு மருமகனுடையது.