மேடைக்குப் பின்னால் வளர்ந்த வீதி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில், கம்பர்லாந்து ஆற்றங்கரையிலிருந்து மேற்கே மேடேறிப் போகிறது பிராட்வே சாலை. ஆற்றை ஒட்டிய அதன் கீழ்ப்பகுதிக்கு ‘லோயர் பிராட்வே’ என்று பெயர். நடந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தத் துண்டுச் சாலையின் இருபுறமும் மதுக்கூடங்கள். காலை பத்து, பதினொரு மணிக்கே அவற்றில் பாட்டு தொடங்கிவிடும். மறுநாள் விடியற்காலை மூன்று மணி வரை நடக்கும். பெரும்பாலான கடைகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது. விடுமுறைக்கு வந்தவர்கள் ஓரிடத்தில் நாலு பாட்டு கேட்டுவிட்டு, அடுத்த வாசலில் பிடில் சத்தம் இழுக்க அங்கே போய்விடுவார்கள். ‘ஹாங்கி டாங்க்’ என்று வழங்கும் இந்தக் கடைகள் பலவற்றில் மேடை தெருவோர சன்னலை ஒட்டியே இருக்கும். குழுவினர் தெருவுக்கு முதுகைக் காட்டியபடி வாசிப்பார்கள்.

இசைக்கென்று யாரும் திட்டம் போட்டு உருவாக்கிய வீதி அல்ல இது. பக்கத்திலிருந்த ஒரு பிரசங்க மண்டபத்தில் மதுவுக்கு இடமில்லை, பாட வந்தவர்கள் உட்காரவும் இடமில்லை. இந்த இரண்டு குறைகளும் சேர்ந்தே வீதியை வளர்த்தன.

அந்த மண்டபத்தைக் கட்டுவித்த தாமஸ் ரைமன் ஆற்றில் நீராவிப் படகுகள் விட்டுப் பொருள் சேர்த்தவர். 1885இல் சாம் ஜோன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகரின் கூட்டத்தில் மனம் மாறி, எல்லாச் சபையாரும் கூடுவதற்குப் பொதுவான ஓர் இடம் வேண்டும் என்று முனைந்தார். ‘யூனியன் காஸ்பல் டேபர்னகிள்’ 1892இல் எழுந்தது. 1904இல் ரைமன் இறந்த பிறகு மண்டபம் அவர் பெயரைப் பெற்றது. செங்கல் சுவர், உயர்ந்த கூரை, வளைவாகப் போட்ட மர பெஞ்சுகள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் போதகரின் குரல் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று கட்டியது. அதனால் பாட்டுக்கும் அது பொருந்திவந்தது.

மண்டபத்துக்கு நாட்டுப்புறக் கூட்டத்தைக் கொண்டுவந்தது வானொலி. நேஷனல் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் 1925இல் நாஷ்வில்லில் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர் அங்கிள் ஜிம்மி தாம்சன் என்ற முதிய பிடில் கலைஞரை ஒலிவாங்கி முன் உட்காரவைத்தார். அதிலிருந்து வளர்ந்த சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிதான் 1927இல் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று பெயர் பெற்றது. 1932இல் நிலையத்தின் திறன் 50,000 வாட்டாக உயர்ந்ததும், இரவு நேரங்களில் பல மாநிலங்களின் பண்ணை வீடுகளுக்கு அந்தப் பாட்டு எட்டியது. காப்பீட்டு முகவர்கள் கிராமங்களில் கதவைத் தட்டும்போது இந்த நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்கள். வானொலியில் கேட்டவர்கள் நேரில் பார்க்கவும் கிளம்பி வந்தார்கள். நகரின் அரங்குகள் பலவற்றுக்கு மாறி மாறிப் போன ஆப்ரி, 1943இல் ரைமனில் நிலைகொண்டு முப்பத்தோரு ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

பாடகர்களுக்கு ரைமன் வசதியான இடமல்ல. குளிர்சாதனம் கிடையாது, கோடையில் உள்ளே அனல் பறக்கும். மேடைக்குப் பின்னால் உடை மாற்றுவதற்குக்கூடச் சரியான அறைகள் இல்லை. ஒரே இரவில் பல குழுக்கள் மாறி மாறிப் பாடும் நிகழ்ச்சி என்பதால், தன் முறை வரும்வரை ஒருவர் எங்கே காத்திருப்பது? தேவாலயமாகப் பிறந்த கட்டடத்தில் மது கிடைக்காது. பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் பிராட்வேக் கடைகளின் புழக்கடை வாசல்கள்.

அந்தக் கடைகளில் ஒன்றை 1960இல் வாங்கியவர் ஹேட்டி லூயிஸ் பெஸ். ‘டூட்சி’ என்பது எல்லோரும் அவரை அழைத்த பெயர். சுவருக்குச் சாயம் அடிக்க வந்தவர் வெளிர் ஊதா நிறத்தைப் பூசிவைக்க, அதுவே நிலைத்து ‘டூட்சீஸ் ஆர்க்கிட் லவுஞ்ச்’ ஆனது என்பது அந்த வீதியில் வழங்கும் கதை. டூட்சி கண்டிப்பான பெண்மணி; வம்பு செய்பவர்களைத் தொப்பி ஊசியால் குத்தி வெளியேற்றுவாராம். கையில் காசில்லாத பாட்டெழுத்தாளர்களிடமோ அவர் வேறு மனுஷி. சாப்பாடும் பீரும் கடனுக்குக் கொடுத்துவிட்டு, கடன் சீட்டுகளை ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டுவைப்பார். ஆப்ரி பாடகர்கள் சேர்ந்து ஆண்டு முடிவில் அந்தக் கடனை அடைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

டெக்சாஸிலிருந்து பழைய காரில் வந்து சேர்ந்த வில்லி நெல்சன் அப்படி ஒதுங்கியவர்களில் ஒருவர். டூட்சீஸில் அவர் பாட்டைக் கேட்ட ஹேங்க் காக்ரன் என்ற பாட்டெழுத்தாளர், தான் வேலை பார்த்த இசைப் பதிப்பகத்தில் வாரம் 50 டாலருக்கு அவரையும் சேர்த்துவிட்டார். நெல்சன் எழுதிய ‘கிரேசி’ பாட்டு பாடகி பாட்சி கிளைனின் கணவர் காதில் முதலில் விழுந்ததும் டூட்சீஸில்தான். 1961இல் கிளைன் பாடி வெளிவந்த அது, அமெரிக்கக் கிராமப்புறங்களில் வேர்கொண்ட ‘கன்ட்ரி’ இசையில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட பாட்டுகளில் ஒன்றானது. ரைமன் மேடையில் ஒலித்த புகழுக்குப் பின்னால், சந்துக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு சந்தை நடந்தது. பாட்டை எழுதியவர், அதைத் தேடுபவர், பதிவு செய்பவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார அங்கே இடம் இருந்தது.

எதிர்ச் சாரியில் பாடகர் எர்னெஸ்ட் டப் நடத்திய இசைத்தட்டுக் கடை 1951இல் பிராட்வேக்கு வந்தது. ஆப்ரி முடிந்ததும் நள்ளிரவில் அந்தக் கடைக்குள்ளிருந்தே இன்னொரு வானொலி நிகழ்ச்சி போகும். அதனால் சனிக்கிழமை இரவுக் கூட்டம் சட்டென்று கலையாமல் வீதியிலேயே தங்கியது. அப்போது இந்தக் கடைகளில் விற்றது பெரும்பாலும் பீர்தான். வீரிய மதுவைக் கோப்பையில் ஊற்றி விற்க 1967 வரை நாஷ்வில்லில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சில தெருக்கள் தள்ளி, அச்சகங்கள் நிறைந்திருந்ததால் பெயர் பெற்ற பிரின்டர்ஸ் ஆலியின் இரவு விடுதிகளுக்கு வாடிக்கையாளர்கள் சொந்த பாட்டிலைக் கையோடு கொண்டுபோவார்கள்.

இதே ஆண்டுகளில் நகரின் வடக்கே ஜெஃபர்சன் தெருவில் வேறொரு இசை இரவு நடந்துகொண்டிருந்தது. நாஷ்வில்லின் வரலாற்றைப் பிராட்வேயோடு நிறுத்திக்கொள்வது பெரிய அநீதி. நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த நகரில் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று கட்டியெழுப்பிய வீதி அது. 1963இல் பாடகி எட்டா ஜேம்ஸ் தன் புகழ்பெற்ற நேரடி ஆல்பத்தைப் பதிவு செய்தது நாஷ்வில்லின் நியூ எரா கிளப்பில். 1962இல் ராணுவத்திலிருந்து வெளிவந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், நண்பர் பில்லி காக்ஸுடன் ஜெஃபர்சன் தெருவின் கிளப் டெல் மொராக்கோவில் வாசித்துத்தான் பிழைத்தார். மின் கிடாரின் போக்கையே பின்னாளில் மாற்றியவர் தொழில் பழகிய இடங்களில் இந்தத் தெருவும் ஒன்று.

40ஆம் எண் நெடுஞ்சாலையை இந்தப் பகுதியின் நடுவே கொண்டுபோக முடிவானது. அறுபதுகளின் பிற்பகுதியில் குடியிருப்போரும் ஃபிஸ்க் பல்கலைக்கழக ஆசிரியர்களும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் இடிந்தன. கிளப்புகளும் அவற்றோடு போயின. பழைய கிளப் பேரன் கட்டடம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. ஆப்ரியும் விலக்கல்ல. அதன் முதல் நட்சத்திரங்களில் ஒருவரான கறுப்பின ஹார்மோனிக்கா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1941இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005இல், இறந்து இருபதாண்டுகளுக்கும் மேலான பிறகு. கறுப்பின இசைக்கான தேசிய அருங்காட்சியகம் 2021இல் திறக்கப்பட்டது. அது நிற்பது பிராட்வேயில்.

பிராட்வேயும் தப்பவில்லை. ஆப்ரி 1974 மார்ச் 15 அன்று ரைமனில் கடைசி நிகழ்ச்சியை நடத்திவிட்டு, மறுநாளே நகருக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவில் கட்டிய புது அரங்குக்குக் குடிபோனது. திறப்பு விழாவில் அதிபர் நிக்சன் பியானோ வாசித்தார். ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகல வட்டமாக ஓக் பலகையை அறுத்தெடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். பழைய மண்டபத்தை இடித்துவிடலாம் என்ற யோசனை கட்டடக்கலை விமர்சகர்களின் கடும் எதிர்ப்பால் நின்றது. ஆனாலும் அது பூட்டிய வீடுபோல இருந்தது. சனிக்கிழமைக் கூட்டம் போனதும் வீதியில் ஆபாசப் படக் கடைகளும் அடகுக் கடைகளும் பெருகின. 1978இல் டூட்சி இறந்தார்.

திரும்பி வந்தது மெல்ல. 1991இல் பாடகி எமிலூ ஹாரிஸ் தன் குழுவோடு ரைமனில் ஒரு நேரடி ஆல்பம் பதிவு செய்தார். மாடத்தின் உறுதியில் நம்பிக்கை இல்லாததால் அதன் மேலும் கீழும் யாரையும் உட்காரவிடவில்லை. சுமார் இருநூறு பேரை மட்டும் அனுமதித்தார்கள். அந்தச் சிறு கூட்டத்தின் கைதட்டலோடு வெளிவந்த ஆல்பம் மண்டபத்தின் ஒலியை நாட்டுக்கு மீண்டும் நினைவூட்டியது. பழுதுபார்த்துக் குளிர்சாதனம் போட்ட ரைமன் 1994இல் திறந்தது.

அதே ஆண்டுகளில் ராபர்ட் மூர் என்பவர் பிராட்வேயில் கவ்பாய் பூட்ஸ் விற்ற கடையில் பீரும் பாட்டும் சேர்த்துப் பார்த்தார். ஷோ-பட் என்ற பெயரெடுத்த ஸ்டீல் கிடார் ஒரு காலத்தில் விற்ற இடம் அது. பூட்ஸ் அடுக்குகள் சுவரோரம் இருக்க, பி.ஆர்.5-49 என்ற இளைஞர் குழு பழைய கன்ட்ரி பாட்டுகளை டிப்ஸுக்காக இரவு முழுக்க வாசித்தது. அதைக் கேட்க உள்ளூர்க்காரர்களே வரிசையில் நின்றார்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்று குழுவை ஒப்பந்தம் செய்தது. பிரேசிலில் பிறந்து கன்ட்ரி இசைமீது காதல்கொண்டு வந்த ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ் கையில் இன்று இருக்கும் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு, பழைய பாணி இன்னும் பிசகாமல் கேட்கும் இடம். அடுத்தடுத்து உள்விளையாட்டு அரங்கம் 1996இலும், கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தின் புதுக் கட்டடம் 2001இலும், மாநாட்டு மையம் 2013இலும் வந்து சேர, சுற்றுலா வெள்ளம் புகுந்தது.

இன்றைய இரவின் தொழில்முறை இது. ஒரு குழுவுக்கு ஒரு முறை என்பது வழக்கமாக நான்கு மணி நேரம். பெரும்பாலும் நடுவில் நீண்ட இடைவேளை கிடையாது. கடை ஒரு சிறு தொகை கொடுக்கும், மீதி டிப்ஸ். மேடை முன் ஒரு வாளியோ ஜாடியோ இருக்கும். மணிக்கொரு முறை குழுவில் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். விருப்பப் பாட்டு கேட்பவர் டாலர் நோட்டோடு சீட்டில் எழுதிக் கொடுப்பார். கைபேசியில் பணம் அனுப்ப கியூ.ஆர். குறியீடும் மேடையில் ஒட்டியிருக்கும்.

கேட்ட பாட்டை ஒத்திகை இல்லாமல், அன்றுதான் சேர்ந்த குழு வாசித்துவிடுவதே இந்த வீதியின் பெரிய திறமை. அதற்கு உதவுவது ‘நாஷ்வில் எண் முறை’. ஜோர்டனேர்ஸ் பாடற்குழுவின் நீல் மேத்யூஸ் ஐம்பதுகளின் பிற்பகுதியில் தொடங்கிவைத்ததை, சார்லி மெக்காய் போன்ற பதிவுக்கூடக் கலைஞர்கள் பரப்பினார்கள். சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ‘கார்டு’களை எழுத்துப் பெயரால் சொல்லாமல் 1, 4, 5 என்று எண்ணால் சொல்வது இதன் அடிப்படை. எந்தக் கட்டையில் பாடினாலும் ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் உள்ள உறவு மாறாததைப் போல, பாடகர் சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் எண்கள் அப்படியே இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிடார்க்காரர் நாலு விரலைக் காட்டினால், பாட்டுக்கே புதியவரான பேஸ் கிடார்க்காரர் நாலாவது கார்டுக்குப் போய்விடுவார். வீதிக்கு வருபவர்கள் இந்த விரல்களைக் கவனித்தால், தெரியாத பாட்டும் பாதி புரிந்துவிடும்.

2016இல் ஆலன் ஜாக்சன், 2018இல் ஜேசன் ஆல்டீன், லூக் பிரையன், பிளேக் ஷெல்டன் என நட்சத்திரப் பெயர் தாங்கிய பல மாடிக் கடைகள் வரிசையாக வந்தன. பலவற்றில் பெயர் பாடகருடையது, நிர்வாகம் உணவக நிறுவனத்துடையது. மாடிக்கு மாடி வெவ்வேறு குழு. பழைய கன்ட்ரியைவிட எல்லோருக்கும் தெரிந்த ராக் பாட்டுகளே அங்கே அதிகம். எர்னெஸ்ட் டப் இசைத்தட்டுக் கடை 2022இல் மூடப்பட்டது. கூட்டம் பெருகியதால் கலைஞர்களுக்கு வேலை குறையவில்லை என்பது உண்மை. ஆனால் ஊரே கூடிக் கொண்டாடும் வீதியில், கூட்டத்தை வரவைப்பவரின் கூலி இன்னும் வாளியை நம்பியே இருப்பது சரியல்ல.

சொந்தப் பாட்டைப் பாட விரும்புபவர்கள் பிராட்வேயை விட்டு விலகியே போகிறார்கள். ஏமி கர்லாண்ட் 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே, புறநகர்க் கடைவரிசை ஒன்றில் நூறு பேர்கூட அமராத கூடம். அங்கே பாட்டெழுத்தாளர்கள் நால்வர் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடுவார்கள். கேட்பவர்கள் பேசக் கூடாது. புளூகிராஸ் இசைக்கு 1974 முதல் இருப்பது ஸ்டேஷன் இன். அதைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்துவிட்டாலும், ஒற்றை மாடிக் கல் கட்டடமாக இன்னும் பாஞ்சோவும் மாண்டலினும் வாசிப்பவர்களுக்கு மேடை தருகிறது.