செல்லுலார் சிறையின் செக்கும் திறன் கணக்கும்

ஒரு தண்டைச் சுழற்ற எவ்வளவு திறன் வேண்டும், அதைத் தர எது வல்லது என்று ஆராய்வது இயந்திரவியலின் அடிப்படை. அந்தமானில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையோ விளைபொருளின் அளவை முதலில் வகுத்து, அதற்கு மனித உடலை இணங்கச் செய்தது. செக்கில் பூட்டப்பட்ட கைதி நாளொன்றுக்கு 30 பவுண்டு, ஏறத்தாழ 13.6 கிலோ, தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும் என்பது விதி. கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்கின் வழியே தமிழர் இத்தண்டனையை நன்கறிவர்.

உழைப்பை அளக்கும் அறிவு அன்று இல்லாமலில்லை. குதிரைத்திறன் என்னும் அலகே ஆலையைச் சுற்றிவந்த குதிரையிடமிருந்து பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட் அதை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என வகுத்தார். இன்றைய அளவில் 746 வாட். அந்நூற்றாண்டின் முடிவில் பிரெஞ்சு அறிவியலாளர் கூலூம், மனிதனின் அன்றாட உழைப்பை ஆராய்கையில், செய்த வேலையோடு களைப்பையும் சேர்த்தே எடைபோட்டார்.

எஞ்சினின் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் திறனை மதிப்பிடுவோர் ஒரு நுட்பத்தைக் கருத்தில் கொள்வர். வால்வு திறக்கும்போது ஸ்பிரிங் வாங்கும் ஆற்றலின் பெரும்பகுதி, அது மூடும்போது தண்டுக்கே திரும்புகிறது. இழப்பாக எஞ்சுவது முதன்மையாக உராய்வே. செக்கில் எதுவும் திரும்புவதில்லை. செலுத்திய ஆற்றல் முழுவதும் கொப்பரையை நசுக்குவதிலும் உராய்வு வெப்பத்திலும் தீர்ந்துபோகிறது.

நல்ல உடல்நலமுள்ள ஒருவர் எட்டு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட். குதிரைத்திறனில் பத்திலொரு பங்கு. நொடிக்கு 0.75 மீட்டர் வேகத்தில் நடந்தால், ஏறத்தாழ 10 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் அவர் 21.6 கிலோமீட்டர் தள்ளிச் செல்ல வேண்டும். அந்த நாளின் மொத்த உழைப்பு 0.6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இது வயிறார உண்பவருக்குரிய கணக்கு.

சிறைவிதி எண்ணெயை அளந்தது, உழைப்பை அளக்கவில்லை. அளவு குறைந்தால் விலங்கும் உணவுக் குறைப்பும் காத்திருந்தன. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்று 1909இல் அந்தமான் சென்ற பாரீந்திர குமார் கோஷ், செக்கடியின் கொடுமையைத் தம் நினைவுக்குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

அங்கே அடைபட்ட அலகாபாத் இதழாசிரியர் நந்தகோபால் செக்கை வேண்டுமென்றே மெல்லச் சுற்றினார். உணவையும் அவசரமின்றி உண்டார். திறன் என்பது விசையும் வேகமும் பெருகிவரும் தொகை. விசையைச் செக்கு தீர்மானித்தது. கைதியின் வசமிருந்தது வேகம் மட்டுமே. அதைக் குறைத்ததன் மூலம், தம் உடல் எவ்வளவு தரும் என்னும் மதிப்பீட்டை அவர் சிறையதிகாரியிடமிருந்து மீட்டுக்கொண்டார்.

சிறை வரலாற்றை வாசிப்போர் ‘வேலையில் குறைவு’ என்னும் குற்றச்சாட்டை இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும். அது கைதியின் சோம்பலைக் காட்டும் சான்று அன்று. விதியின் பிழையைக் காட்டும் அளவீடு.