சிறு மின்கலமும் பெருங் காவலும்

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தை அடுத்த கிரேட் டக் தீவில், 2002ஆம் ஆண்டு, பேர்க்லி ஆய்வாளர் 32 கம்பியில்லா உணர்கருவிகளை நிறுவினர். கடற்பறவைகளின் வளைகளில் நிலவும் வெப்பத்தை அளந்து, வானொலி அலைகளில் அறிவிப்பது அவற்றின் பணி. ஒவ்வொன்றுக்கும் இரு சிறு மின்கலங்களே உயிர். கணிப்பதைக் காட்டிலும் செய்தி அனுப்புவதற்கே சக்தி மிகுதியாகச் செலவாகுமாதலின், அவை பெரும்பொழுதை உறக்கத்திற் கழித்தன.

ஆயின், அலைகளிற் செல்லும் செய்தியைப் பகைவர் ஒட்டுக்கேட்கலாம். பொய்ச் செய்தியும் புகுத்தலாம். காவலின்பொருட்டுச் செய்தியை நீட்டினாலோ, மின்கலம் விரைவில் மாளும். இச்சிக்கலுக்குப் பேர்க்லியைச் சார்ந்த கார்லொப், சாஸ்திரி, வாக்னர் ஆகியோர் 2004இல் 'டைனிசெக்' என்னும் முறையால் விடை கண்டனர். பிற கணினி வலையமைப்புகளில் 8 அல்லது 16 பைட் கொண்ட மெய்ச்சான்று முத்திரையை அவர்கள் 4 பைட்டாகக் குறைத்தனர். அன்றைய கருவியின் வானொலி நொடிக்கு ஏறக்குறைய 40 செய்திகளையே ஏற்கும். எனவே, அம்முத்திரையை ஊகித்து வெல்ல 20 மாதங்களுக்கு மேலாகும். அதற்குள் மின்கலமே தீர்ந்துவிடும். வேகக் குறைவே அரணாயிற்று.